சீனியும் குழப்படியும்

பிள்ளை நித்திரையில் பல்லை நறநறவென்று கடிக்கிறான், பகலில் இருந்த இடத்தில் இருக்கமாட்டேன் என்கிறான் என்று முறைப்பாடு வந்தால், ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, கற்சிலைமடுப் பக்கத்து அம்மம்மாமார் நெடுநேரம் யோசிப்பதில்லை. பூச்சி என்பார்கள். ஏன் பூச்சி வந்தது என்றால், இனிப்புத் தின்றதால் என்பார்கள். வன்னியில் சீனியின் மேல் நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டிருந்த குற்றம் இதுதான். குடற்புழுவின் முட்டை மண்ணிலிருந்து கையோடும் நகத்தோடும் வாய்க்குப் போகிறது; மிட்டாய்க்கும் அதற்கும் தொடுப்பில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கையால் ஒரு நன்மை இருந்தது. பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கிடைத்தது.

இப்போது குற்றப்பத்திரிகை மாறிவிட்டது. இனிப்புச் சாப்பிட்டால் பிள்ளை துள்ளும், கத்தும், சொல்வழி கேளாது, வகுப்பில் கவனம் நில்லாது என்பது இன்றைய இளம் தாய்மாரின் பேச்சு. முன்பள்ளி ஆசிரியைகளும் இதைச் சொல்கிறார்கள். தொலைபேசிக் காணொளிகள் இதைச் சொல்கின்றன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் சித்திமார், பிறந்தநாள் கேக்கின் இரண்டாவது துண்டைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு இதையே சொல்கிறார்கள். சீனிக்குப் பதில் செயற்கை இனிப்பூட்டி போட்ட பானத்தைக் கொடுக்கலாமா என்று ஒரு தரப்பு கேட்கிறது. அதுதான் மூளையைக் கெடுக்கும் என்று இன்னொரு தரப்பு பயப்படுகிறது. இங்கே எடுத்துக்கொண்ட பொருள் இதுவே: சின்னப் பிள்ளையின் குழப்படிக்குச் சீனி காரணமா, அல்லது இனிப்பூட்டி காரணமா?

இந்தப் பேச்சு பிறந்த இடம் அமெரிக்கா. சான் பிரான்சிஸ்கோவில் ஒவ்வாமை மருத்துவராக இருந்த பெஞ்சமின் ஃபைன்கோல்ட், உணவிலுள்ள செயற்கை நிறங்களும் சுவையூட்டிகளும் சாலிசிலேட்டுகளும் சில பிள்ளைகளை அளவுக்கு மீறித் துடிப்பாக்குகின்றன என்று 1973இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் சொன்னார். இரண்டு வருடத்தில் அது புத்தகமாகி நன்றாக விற்றது. வேடிக்கை என்னவென்றால், ஃபைன்கோல்ட் குற்றம் சாட்டியது நிறத்தைத்தான், சீனியை அல்ல. நிறம் போட்ட பண்டங்களில் அநேகமானவை இனிப்புப் பண்டங்களாக இருந்ததால், பெற்றோரின் மனதில் சீனியும் சேர்ந்துகொண்டது. சில வருடங்களில் நிறம் பின்னுக்குப் போய்ச் சீனி முன்னுக்கு வந்துவிட்டது.

ஆய்வுகளும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தன. 1980இல் ரொனால்ட் பிரின்ஸும் தோழர்களும், மிகைத் துடிப்புள்ள பிள்ளைகளில் கூடுதலாகச் சீனி சாப்பிடுகிறவர்கள் கூடுதலாகப் பொருட்களை உடைப்பதும் முரண்டுபிடிப்பதும் உண்டு என்று எழுதினார்கள். கணக்குச் சரிதான். ஆனால் எது முந்தியது? அடங்காத பிள்ளையை அடக்க முடியாத தாய், கடைசியில் ஒரு மிட்டாயைக் கையில் கொடுத்துச் சமாளிக்கிறாள். சந்தைக்குள் நிலத்தில் விழுந்து அழுகிற பிள்ளைக்கு ஐஸ்பழம் வாங்கிக் கொடுக்காத தகப்பனைக் காண்பது அரிது. குழப்படி செய்கிற பிள்ளைக்குத்தான் இனிப்புக் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், இரண்டும் சேர்ந்து காணப்படுவதில் வியப்பென்ன? இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, யாருக்கு என்ன கொடுக்கப்பட்டது என்பதைப் பிள்ளைக்கும் தாய்க்கும் அளவிடுகிறவருக்கும் தெரியாமல் மறைத்துப் பரிசோதிப்பது.

அதைச் செய்தவர் மார்க் வோல்ரைச் என்ற குழந்தை மருத்துவர். 1994இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த அந்த ஆய்வைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்குமுன் அத்தனை கறாராக யாரும் செய்ததில்லை. இரண்டு கூட்டம் பிள்ளைகள். மூன்று முதல் ஐந்து வயதுவரையான சாதாரண முன்பள்ளிப் பிள்ளைகள் 25 பேர். ஆறு முதல் பத்து வயதுவரையானவர்கள் 23 பேர். ‘எங்கட பிள்ளைக்குச் சீனி ஒத்துக்கொள்ளாது, தின்றால் ஆட்டம்தான்’ என்று பெற்றோரே சொன்ன பிள்ளைகள் இவர்கள். வீட்டிலிருந்த சாப்பாட்டுச் சாமான் முழுவதும் அகற்றப்பட்டது. ஒன்பது வாரத்துக்குக் குடும்பத்தில் எல்லாருக்கும் உணவை ஆய்வாளர்களே வழங்கினார்கள். மூன்று வாரம் சீனி கூடிய உணவு. மூன்று வாரம் அஸ்பார்டேம் போட்ட உணவு. மூன்று வாரம் சாக்கரின் போட்ட உணவு. எது எந்த மூன்று வாரம் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்று உணவிலும் செயற்கை நிறமோ பதப்படுத்திகளோ ஏறக்குறைய இல்லை.

கொடுத்த அளவையும் கவனிக்க வேண்டும். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5.6 கிராம் வீதம் சீனி போனது. பதினைந்து கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு அது 84 கிராம், இருபத்தொரு தேக்கரண்டி. அஸ்பார்டேம் கிலோவுக்கு 38 மில்லிகிராம். சர்வதேச நிபுணர் குழு ஒரு நாளுக்கு ஏற்கத்தக்கதென்று வகுத்த உச்ச அளவே 40 மில்லிகிராம்தான். ஆக, ஒட்டுசுட்டான் பெட்டிக்கடையில் ஒரு பிள்ளை வாங்கித் தின்னக்கூடியதை எட்டிவிடுகிற அளவு, பெரும்பாலும் அதைத் தாண்டுகிற அளவு கொடுக்கப்பட்டது.

பெற்றோர், ஆசிரியர், ஆய்வாளர் எல்லாரும் அளந்தார்கள். சீனிக்கு ஆடுகிறவர்கள் என்று பெயரெடுத்த 23 பேரிடம் 39 அளவைகள் எடுக்கப்பட்டன. ஒன்றில்கூட மூன்று உணவுகளுக்கிடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. முன்பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த 31 அளவைகளில் நான்கில் சிறு வித்தியாசம் தெரிந்தது. அந்த நான்கும் ஒரே திசையைக் காட்டவில்லை. அடுத்த வருடம் இதே வோல்ரைச், அதுவரை நடந்த 23 மறைப்புப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, சீனி பிள்ளைகளின் நடத்தையையோ அறிவுத்திறனையோ பாதிப்பதாகக் காணவில்லை என்று எழுதினார். மிகச் சிறிய விளைவோ, ஒருசில பிள்ளைகளில் மட்டும் விளைவோ இருக்கலாம் என்ற கதவை மட்டும் அவர் முழுதாகச் சாத்தவில்லை. அது விஞ்ஞானியின் பழக்கம்.

அப்படியானால் தாய்மார் கண்ணால் காண்பது பொய்யா? 1994இலேயே இந்தக் கேள்வியைத் தனியாக எடுத்துக்கொண்டார்கள் டேனியல் ஹூவரும் ரிச்சர்ட் மிலிச்சும். சீனி தின்றால் மகன் மாறிவிடுகிறான் என்று நம்பிய 35 தாய்மாரும், ஐந்து முதல் ஏழு வயதான அவர்களுடைய ஆண்பிள்ளைகளும் பங்கேற்றனர். பாதித் தாய்மாரிடம், பிள்ளைக்கு இப்போது நிறையச் சீனி கொடுத்திருக்கிறோம் என்று சொல்லப்பட்டது. மற்றவர்களிடம், சீனியில்லாத பானம் என்று சொல்லப்பட்டது. உண்மையில் எல்லாப் பிள்ளைகளும் குடித்தது அஸ்பார்டேம் போட்ட பானம்தான். ஒருவன் வயிற்றிலும் சீனி போகவில்லை. சீனி கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தாய்மார், தங்கள் பிள்ளை மிகத் துடிப்பாக இருந்தான் என்று மதிப்பெண் போட்டார்கள். இதைவிட முக்கியமானது காணொளிப் பதிவில் தெரிந்தது. அந்தத் தாய்மார் பிள்ளையை விட்டு விலகாமல் ஒட்டியே நின்றார்கள், கூடுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கூடுதலாகக் குறை சொன்னார்கள், கூடுதலாகக் கதைத்தார்கள். சீனி என்ற நினைப்பு தாயின் நடத்தையை மாற்றியது. பிறகு எந்தப் பிள்ளைதான் அமைதியாக இருக்கும்?

தாயைக் குற்றம் சொல்ல இதைப் பயன்படுத்துவது அநியாயம். இனிப்பு அதிகம் கிடைக்கிற சந்தர்ப்பங்களை எண்ணிப் பார்த்தாலே நம்பிக்கையின் வேர் தெரிந்துவிடும். வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல். கடல்நீரில் விளக்கெரிகிற அந்த இரவில் முல்லைத்தீவு மாவட்டமே அங்கே கூடியிருக்கும். ஒலிபெருக்கி, கடைவரிசை, வெளிச்சம், மச்சான்மாரும் மச்சாள்மாரும், நடுச்சாமம் தாண்டியும் நித்திரை இல்லை. அந்த இரவில் பிள்ளை ஐஸ்கிறீமும் தின்கிறது, மணலில் உருண்டு ஆடவும் செய்கிறது. ஐஸ்கிறீமை எடுத்துவிட்டாலும் அது ஆடியே தீரும்.

வன்னி ஒரு காலத்தில் விரும்பாமலே இதன் மறுபக்கத்தையும் பார்த்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் போகும் பொருட்களுக்குத் தடையும் கட்டுப்பாடும் வந்தன. சீனி, சங்கக்கடையில் அளந்து கொடுக்கும் பண்டமாயிற்று. வெளியில் வாங்கினால் கைக்கெட்டாத விலை. ஒரு துண்டுப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் பிளேன்ரீயைக் குடித்த தலைமுறை அது. பனங்கட்டியும் இல்லாத வீடுகளில் ஒரு தோடம்பழ இனிப்பை வாயில் அடக்கிக்கொண்டு குடித்தார்கள். அந்த வருடங்களில் பிள்ளைகள் குழப்படி செய்யாமல் இருந்தார்களா என்று அக்காலத்து ஆசிரியர் யாரையும் கேட்கலாம். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுத்தால், காட்டோரத்துப் பிள்ளைகள் வாய் பிசுபிசுக்க வயிறு நிறையத் தின்பார்கள். அது தேன் போன்ற இனிப்பு. பாலைப்பழம் தின்றதால் பிள்ளை துள்ளுகிறது என்று நெடுங்கேணிப் பக்கத்தில் ஒருவரும் முறையிட்டதில்லை.

அந்தப் பிள்ளைகளை ஆட்டியவை வேறு. தோமஸ் எல்பர்ட் குழு, உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்களைக் கொண்டு போர் நடந்த பகுதிகளின் பாடசாலைப் பிள்ளைகள் 420 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், 92 வீதமானோர் குண்டுவீச்சு, எறிகணை, உறவினர் சாவு போன்ற கொடிய அனுபவம் ஒன்றையாவது கண்டிருந்தார்கள். நான்கில் ஒரு பங்கினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் இருந்தன. கிளவுடியா கற்றானி குழு வடகிழக்கில் 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக்குள் விழும் அடிக்குத் தகப்பனின் குடியும் குடும்பம் கண்ட போரும் தொடர்புடையவை என்று காட்டியது. இன்றைய முன்பள்ளிப் பிள்ளைகள் போருக்குப் பின் பிறந்தவர்கள். அவர்களை வளர்க்கிறவர்கள் அந்த 420 பேரின் தலைமுறையினர். இதைச் சொல்லாமல் வன்னியில் பிள்ளை நடத்தையைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு. வீட்டில் நடப்பதை விசாரிப்பதைவிட மிட்டாய்ப் போத்தலைக் குற்றம் சொல்வது எல்லாருக்கும் இலகுவாக இருக்கிறது.

இனி இனிப்பூட்டிகள். நீரிழிவுக்காரரின் தேத்தண்ணிக் குளிசையாக மட்டும் அறியப்பட்டிருந்த இவை, முல்லைத்தீவுப் பிள்ளைகளின் கைக்கு வந்த வழி சுவையானது. 2016 ஓகஸ்ட் 1 முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் வீதிச் சமிக்ஞை விளக்கின் நிறங்கள் கட்டாயமாயின. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு; 2 முதல் 11 வரை மஞ்சள்; அதற்குக் கீழ் பச்சை. 2017 நவம்பரில் ஒரு கிராம் சீனிக்கு 50 சதம் வரி வந்தது. லீற்றருக்கு 100 கிராம் சீனியுள்ள பானத்துக்கு வரி மட்டும் 50 ரூபாய் என்றாகியது. அந்த வரி பின்னர் குறைக்கப்பட்டாலும், அதற்குள் சில நிறுவனங்கள் சீனியைக் குறைத்து அந்த இடத்தில் இனிப்பூட்டியைச் சேர்த்திருந்தன. சிவப்பு மஞ்சளானது. ஆகவே சீனிப் பானம் என்று நினைத்துப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் போத்தலில் இப்போது இரண்டும் இருக்கலாம். சுட்டுத்துண்டில் சிறிய எழுத்தில் 950, 951, 954, 955 என்ற எண்களைத் தேட வேண்டும்; முறையே அசெசல்பேம், அஸ்பார்டேம், சாக்கரின், சுக்ரலோஸ்.

நடத்தையைப் பொறுத்தவரை இவற்றின் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை; வோல்ரைச்சின் ஆய்வில் சீனியோடு சேர்ந்து அஸ்பார்டேமும் விடுதலை பெற்றது. விலக்கு ஒன்று உண்டு. ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற அரிய பிறவிக் கோளாறுள்ள பிள்ளைக்கு அஸ்பார்டேம் ஆகவே ஆகாது. அதிலிருந்து பிரியும் ஃபினைலலனின் அந்தப் பிள்ளையின் மூளையைத் தாக்கும். 2023 யூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அஸ்பார்டேமைப் ‘புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும்’ என்ற வகுப்பில் சேர்த்தது; அதே நாளில் உணவுச் சேர்மானங்களுக்கான நிபுணர் குழு, கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. முதல் செய்தி தொலைபேசிகளில் பரவிய வேகம் இரண்டாவதற்கு இல்லை. அந்த வருடம் மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது இதைவிடப் பயனுள்ளது: நிறையைக் கட்டுப்படுத்துவதற்கென்று இனிப்பூட்டிகளை நாட வேண்டாம். சீனிக்குப் பதில் இது என்று பிள்ளைக்குக் கொடுப்பதால், இனிப்பில்லாத தண்ணீரைக் குடிக்கும் பழக்கம் வரப்போவதில்லை.

சீனியும் இனிப்பூட்டியும் தப்பின. அவற்றோடு ஒரே போத்தலில் வருகிறவை அத்தனை சுலபமாகத் தப்பவில்லை. ஃபைன்கோல்டின் பழைய சந்தேகத்தைச் சவுத்தாம்டன் பல்கலைக்கழகம் மீண்டும் கிளறியது. மூன்று வயதுப் பிள்ளைகள் 153 பேருக்கும், எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் 144 பேருக்கும் செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேற்றும் கலந்த பானம் மறைத்துக் கொடுக்கப்பட்டது. மூன்று வயதினருக்கான ஒரு கலவையில் இருந்த நிறம், இரண்டு சிறு பை மிட்டாயில் இருக்கும் அளவு. துடிப்பு கூடியது. சிறிதளவுதான், எல்லாப் பிள்ளைகளிலும் ஒரே மாதிரியும் அல்ல; ஆனால் கூடியது. 2007இல் லான்செற் இதழில் இது வெளிவந்தபின், 2010 யூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆய்வில் பயன்பட்ட ஆறு நிறங்களில் ஒன்றைச் சேர்த்த உணவில், பிள்ளைகளின் செயற்பாட்டையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை கட்டாயமானது. ராட்ராசீன் என்ற மஞ்சள் அவற்றில் ஒன்று. அதன் எண் 102. திருவிழாக் கடைப் பண்டத்தின் மின்னும் மஞ்சளைக் காணும்போது இந்த எண்ணை நினைப்பது தவறில்லை.

கஃபீன் இன்னொன்று. கோலாவில் இருக்கிறது, தேயிலையிலும் இருக்கிறது. பின்னேரம் கோலாவோ சாயம் கூடிய தேத்தண்ணியோ குடித்த நாலு வயதுப் பிள்ளை இரவு பத்து மணிக்கும் விழித்திருந்தால், பழி கரண்டியில் இருந்த சீனிக்குப் போகிறது, தேயிலைக்கு அல்ல. அதைவிடப் பெரிய தொந்தரவு, தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் மரக்கறி, தானிய உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதை வெகுவாகத் தடுக்கின்றன. பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்று வளரும் பிள்ளைக்கு இரும்பு போதாமல் போகும். இரும்பு குறைந்த பிள்ளை சினக்கும், சோரும், கவனம் நிற்காது. காலைச் சாப்பாடும் கணக்கில் வரும். யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 1995இல் வெளியான ஓர் ஆய்வு, குளுக்கோஸ் மட்டும் குடித்த பிள்ளைகளுக்குச் சில மணித்தியாலங்களில் இரத்தச் சீனி இறங்கும்போது வளர்ந்தோரைவிட அட்ரினலின் கூடுதலாகச் சுரப்பதைக் கண்டது. ஒரு கோப்பை சீனித் தேத்தண்ணியோடு எட்டு மணிக்கு முன்பள்ளிக்கு வந்து, பத்தரை மணிக்குச் சிணுங்கும் பிள்ளைக்கு இது பொருந்தக்கூடும். அங்கே பிழை சீனி இருந்ததில் இல்லை. கூடவே சோறோ பயறோ இல்லாததில் இருக்கிறது.

சீனி நடத்தையை அடையும் உண்மையான பாதை ஒன்று உண்டு. அது மூளை வழியாகப் போவதில்லை, பல் வழியாகப் போகிறது. 2015–16இல் நடந்த இலங்கையின் தேசிய வாய்ச்சுகாதார ஆய்வில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் பற்சூத்தை இருந்தது. பாற்பல் விழத்தானே போகிறது என்று அதைப் பெரும்பாலும் யாரும் வைத்தியரிடம் காட்டுவதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குப் பல் வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. அது ஒரு பக்கமாகச் சப்பும், கடினமானதைத் துப்பும், தட்டைத் தள்ளிவிடும், இரவில் எழுந்து அழும், மறுநாள் முன்பள்ளியில் பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும். ஆசிரியை எழுதும் குறிப்பில் அது ‘குழப்படி’. போத்தலில் சீனிப்பால் குடித்தபடியே நித்திரையாகும் பிள்ளைக்கு முன்பற்கள் முதலில் போகும். மேல்வரிசை கறுத்துத் தேய்ந்திருப்பதைச் சிரிக்கும்போதே காணலாம். சீனியைக் குறைத்ததும் பிள்ளை திருந்திவிட்டது என்று ஒரு தாய் சொன்னால் அவளை மறுக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் பசி திரும்பியிருக்கும், வலி தணிந்திருக்கும், நித்திரை வந்திருக்கும்.

பரிசோதித்துப் பார்க்க விரும்பும் முன்பள்ளிக்குச் செலவில்லாத வழி இருக்கிறது. குழப்படி என்று பெயரெடுத்த பிள்ளையின் வாயைத் திறந்து பார்ப்பது. காலையில் என்ன சாப்பிட்டது, இரவு எத்தனை மணிக்குப் படுத்தது என்று தாயிடம் கேட்பது. பின்னால் நின்று மெல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் காது கேட்கிறதா என்று பார்ப்பது. குடும்பநல உத்தியோகத்தர் வரும் நாளில் நிறை அட்டையையும் கண் இமையின் உட்புறத்தையும் காட்டுவது. பற்சூத்தை என்றால் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பலாம். பாற்பல்லையும் அங்கே அடைப்பார்கள். மென்பானப் போத்தலின் சிவப்பு, மஞ்சள் அடையாள விஷயத்தில் ஒரு சிறு கணக்கு உதவும். 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் என்று மஞ்சள் வட்டத்தில் எழுதிய 400 மில்லிலீற்றர் போத்தலில் 40 கிராம் சீனி, பத்துத் தேக்கரண்டி. நாளொன்றுக்கு 1,200 கலோரி தேவைப்படும் சின்னப் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன பத்து வீத எல்லை 30 கிராம்தான்.